நடுவில் இன்னும் பனி

சுற்றும் தட்டு நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை.
நான் கண்டுபிடித்தது வியாழன் இரவு,
உருளைக்கிழங்கு மசியல் ஓரத்தில் நாக்கைப் பொசுக்கி
நடுவில் கிளாஸ்கோவின் ஜனவரியாகவே கிடந்தபோது.

"மைக்ரோவேவ் போச்சு" என்றான் ஃபெர்கஸ்.
"மைக்ரோவேவ் போகலை, அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு தேய்ந்திருக்கு,
நாலு பவுண்டு" என்றாள் மோர்வென்.
அந்த நாலு பவுண்டைப் பற்றி
மூன்று வாரம் பேசினோம்.

எங்கள் வீட்டில் யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை.
சண்டையெல்லாம் ஒன்றுமில்லை.
அவனுக்கு முதல் பேருந்து,
எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடம்,
மோர்வெனுக்குப் பதினேழு வயது,
அதுவும் ஒரு ஷிப்ட்தான்.
ஞாயிறன்று ஒரு பெரிய சட்டியில் கொத்துக்கறி வேகும்.
புதன் வரைக்கும் அது டப்பா டப்பாவாகக் குறையும்.
மூடியில் என் கையெழுத்து:
இரண்டரை நிமிடம். மூடியைக் கொஞ்சம் திற.
மீன் சூடாக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கேயும் அடுப்பில் பூனை தூங்கும்.
வறுமையால் அல்ல.
மைக்ரோவேவின் தலைமேல் இதமாக இருக்கிறது,
அவ்வளவுதான்.
மணி அடித்தால் ஒரு காது மட்டும் எழுந்து உட்காரும்.

தட்டு சுற்றாதபோது
மனிதர்தான் சுற்றிவிட வேண்டும்.
பாதியில் கதவைத் திறந்து
அரை வட்டம் திருப்பி
மறுபடி மூட வேண்டும்.
பொத்தானை அழுத்திவிட்டுச் சோபாவுக்கு ஓட முடியாது.
மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று
இருபது வருடச் சமையலில் எனக்குத் தெரியாது.
கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றும்.

ஒரு மழை இரவு
தோலோடு ஒரு உருளைக்கிழங்கை வைத்தோம், பெரியது,
முள்கரண்டியால் ஏழு குத்து.
(குத்தாமல் விட்டு ஃபெர்கஸ் ஒருமுறை வெடிக்க வைத்தான்,
மேல்சுவரில் இன்னும் ஒரு பரு இருக்கிறது.)
மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தபடி
மோர்வென் சொன்னாள்,
"நான் அபர்டீனுக்குப் போகலைம்மா.
கடிதம் எழுதி அனுப்பிட்டேன்."
என்னிடம் சொல்லவில்லை,
கிழங்கிடம் சொன்னாள்.
நானும் கிழங்கிடம்தான் கேட்டேன்,
"எப்போ?"
"போன மாசம்."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்திருந்தால்
நான் கத்தியிருப்பேன்.
கண்ணாடியில் எங்கள் இருவர் தலையும் தெரிந்தது,
நடுவே கிழங்கு, மூன்றாவது ஆளாக.

மணி அடித்தது.
திருப்ப மறந்திருந்தோம்.
அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும்
வெந்த விளிம்பை வெண்ணெய் தொட்டுத் தோண்டினோம்,
நின்றுகொண்டே, ஒரே தட்டில்,
கல்லாய்க் கிடந்த நடுவை யாரும் தொடாமல்.
அதைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றேன்.
எதைப் பற்றி என்று அவளும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் துண்டு தபாலில் வந்தது,
மூன்று பவுண்டு எண்பது.
ஃபெர்கஸ் முழங்காலிட்டுப் பொருத்தினான்,
புது மாப்பிள்ளை ஊர்வலம்போல்
தட்டு மெதுவாகச் சுற்றியது.
கைதட்டினோம். பூனை இறங்கிப் போனது.
மறுநாளே எல்லோரும் சோபாவுக்குத் திரும்பிவிட்டோம்.
பொய் சொல்வானேன், நான்தான் முதலில்.

நேற்று விடிகாலை நாலு மணிக்குத்
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
ஃபெர்கஸ் இருட்டில் நின்றிருந்தான், சீருடையில், காலுறையோடு.
உள்ளே அவன் ஓட்ஸ் கஞ்சி சுற்றிக்கொண்டிருந்தது.
பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து
முந்தின இரவு மூன்று முறை சூடாக்கி
மூன்று முறையும் நான் மறந்த தேநீர்.
"எடுத்து வைக்கச் சோம்பல்" என்றான்.
"அதுவும் ஒரு சுற்று வரட்டுமே."

கோப்பையின் காதில் கஞ்சி வழிந்திருந்தது.
வாயில் வைக்க முடியாத கசப்பு.
நின்றபடியே
முழுதும் குடித்தேன்.