இன்பராஜ் கேட்ட பட்டியல்

துக்மில் வெள்ளிக்கிழமை ரொம்ப நீளம் என்கிறாய்.
கப்பல் பட்டறை, மெஸ், மறுபடி கப்பல் பட்டறை.
பார்க்க, படிக்க ஏதாவது சொல்லு என்று
ஒன்றரை நிமிடக் குரல் பதிவு,
அதில் முக்கால்வாசி காற்று.

சரி, எழுதிக்கொள்.

உப்பு விற்கிற தாயும் மகளும் வரும் கொரியத் தொடர்.
முதல் மூன்று பாகம் ஓடும்போது நான் தூங்கிவிட்டேன்,
அதனால் நாலிலிருந்து தொடங்கு.
யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாமல் பார்த்தால்
எல்லோர் மேலும் கொஞ்சம் இரக்கம் வருகிறது.
அறைக்காரன் திலக் முதலிலிருந்தே பார்த்தவன்.
அவனுக்கு அந்தத் தாயைக் கண்டாலே ஆகாது.

ரூவியில் ஓடும் பேய்ப் படத்துக்குப் போகாதே.
பேயைவிடத் தியேட்டர் ஏசிதான் பயமுறுத்தியது.
கம்ப்ரஸர் போகப் போகிறது,
தொழில்காரன் காதுக்குத் தெரியும்.

அல் குவைர் பல் டாக்டர் வாசலறையில்
ஒரு நாவல் கிடந்தது.
அட்டை இல்லை,
எழுதியவர் பெயர் அட்டையோடு போய்விட்டது.
ஒரு தபால்காரன்
தன்மேல் வழக்குப் போட்டவன் வீட்டுக்கே
மணியார்டர் கொண்டுபோகிறான்,
கதவைத் தட்டுகிறான்,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
அதற்குமேல் கிழிந்துவிட்டது.
நர்ஸிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன்.
பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.
மீதிப் பக்கங்கள் எங்காவது கிடைத்தால்
என்னிடம் சொல்லாதே.

குரும் பக்கம் ஒரு கேலரியில் ஃபில்டர் கழுவப் போனேன்.
ஏணியின் ஆறாம் படியில் நின்றபோது
எதிர்ச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
சூர் ஊர்ப் பெண் வரைந்ததாம்.
மூன்று கால்தான் இருக்கிறது,
நாலாவதைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டாள்.
கீழே நின்றால் வெறும் நாற்காலி.
மேலிருந்து பார்த்தால்
வெயில் விழுந்த இடத்தில் பெயின்ட் விரல் தடிமன்.
தொடக்கூடாது.
தொட்டேன்.

இனிச் சொல்வது பட்டியலில் சேராது.

போன வருஷம் நோன்பு மாதம் நீ ஒரு படம் அனுப்பினாய்.
லாரி டிரைவரும் கிளீனரும்.
கண்டிப்பா பாரு மச்சான், மூன்று தடவை.
பார்த்துட்டேன், சூப்பர் என்றேன்.
பார்க்கவில்லை.
இருபது நிமிடமாகியும் லாரி கிளம்பவே இல்லை,
நான் கபடிக்கு மாறிவிட்டேன்.

நேற்று வைஃபை செத்துப்போச்சு.
போனில் இறங்கிக் கிடந்தது அது ஒன்றுதான்.
ஒரு மணி பதினாலாவது நிமிடம்.
டீக்கடை ஓரம் கிளீனர் டம்ளர் கழுவுகிறான்,
கழுவியதையே மறுபடி கழுவுகிறான்.
வாங்கிய பணத்தை இப்போதைக்குத் தர முடியாது என்று
சொல்ல வந்தவன்
'அண்ணே, சர்க்கரை போதுமா' என்கிறான்.

அறுபது ரியால், இன்பராஜ்.

நான் சூப்பர் என்றதும் நீ ஒரு கும்பிடு அனுப்பினாய்.
படத்துக்கு எதுக்குடா கும்பிடு என்று சிரித்தேன்,
திலக்கிடமும் காட்டினேன்.
மறுநாளிலிருந்து பழையபடி பேச ஆரம்பித்தாய்.
வாங்கினதைப் பற்றி மூச்சே விடமாட்டேன் என்கிறான் பார்
என்று உன்னைப் பற்றி
இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

படம் நல்ல படம்.
இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை.
டிரைவர் என்ன சொன்னான் என்று உனக்குத் தெரியும்.
போதும் என்றான்.

நாற்காலியை மட்டும் அனுப்ப வழியில்லை,
போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.
அடுத்த சர்வீஸ் மார்ச் கடைசியில்.
லீவு கிடைத்தால் வா,
ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று
உள்ளே கூட்டிப்போகிறேன்.