மாவுத் தராசு

ரொட்டி மாவு நிறுக்கும் தராசில்
ஹென்னிங் லென்ஸை நிறுக்கிறார்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
மின்கட்டண உறையின் முதுகில் குறித்துக்கொள்கிறார்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
இவர் கடலுக்குப் போகும் முன்பே
அளக்கத் தொடங்கி இன்றோடு நாலு நாள்.

வியாழக்கிழமை கீல் துறைமுகத்தில் கப்பல்.
நார்வே, பதினோரு இரவு.
கட்டிலில் என் பக்கம் முழுக்க
இரண்டு கேமரா, ஐந்து லென்ஸ், மழை உறை,
சார்ஜர்கள், சார்ஜர்களின் வால்கள்.
நேற்று நான் சோபாவில் படுத்தேன்.
என் தலையணையில் டிரைபாட் படுத்திருந்தது.

"ஓடுகிற கப்பல் அதிருமே, அது எதற்கு?"
"கரையில் இறங்கினால்?"
"கரையில் நமக்கு நாலே மணி நேரம்."
பெருமூச்சோடு பரணுக்கு அனுப்பினார்.
நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள்
திரும்பி வந்திருந்தது.
மூன்று கால் இருக்கிறதே, வராமல் என்ன செய்யும்.

"ஃபோன் போதும்ப்பா" என்றாள் ஸ்வான்ட்யே.
இரண்டு நாள் மகளோடு பேசவில்லை.
மேல்வீட்டு ஃபோல்கர்ட்
ஒரே ஒரு லென்ஸோடு ஐஸ்லாந்து போனவர்.
அவர் படங்களில் பறவைகள் எல்லாம்
கொசுவாக விழுந்திருக்கின்றன.
இந்த வீட்டில் இப்போது அதுதான் வேதவாக்கு.

குறை சொல்ல மாட்டேன்.
முப்பத்தொரு வருடம் ரயில் பெட்டிகளுக்கு
பிரேக் சோதித்த மனிதர்.
ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று பிடிக்க வேண்டும்,
இல்லையென்றால் வண்டி கிளம்பக் கூடாது.
இரண்டாவது கேமராவும்
அவருக்கு அந்த மாதிரிதான்.

போன தடவை அசோரஸ் தீவுகள்.
படகில் குனிந்து, மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டு
சின்ன லென்ஸைக் கழற்றிப்
பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.
அப்போது வந்தது திமிங்கிலம்,
என் கைக்கெட்டும் தூரத்தில்.
இவர் நிமிர்ந்தபோது கடல்
கதவைச் சாத்திவிட்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் கேட்டார்:
எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்,
வெயில் முதுகிலா வாலிலா.
கேட்டதற்கெல்லாம் சொன்னேன்.
கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை.
நாலு வருடமாக வைத்திருந்தேன்.
அது என்னுடையது என்று
ஏனோ ஒரு எண்ணம்.

புதன் இரவு, பன்னிரண்டு தாண்டி,
"நீ என்ன எடுத்துக்கொள்கிறாய்?" என்றார்.
என் பைனாகுலரை நீட்டினேன்.
அதையும் நிறுத்தார்.
இருநூற்றுத் தொண்ணூறு.
உறையில் எழுத இடமில்லாமல்
ஓரத்தில் சாய்த்து எழுதினார்.
அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்ததும்
வாயை விட்டுவிட்டேன்:

"அது மூச்சு விட்டது, ஹென்னிங்.
என் மூஞ்சியிலேயே.
அழுகிய மீன் நாற்றம்,
ஒரு பீப்பாய் ஹெர்ரிங்கைக் கோடை முழுக்க
வெயிலில் மறந்துவைத்த மாதிரி.
கம்பளித் தொப்பியில் மூன்று நாள் இருந்தது."

தராசு அணைந்து போகும்வரை
பேசாமல் நின்றார்.
"இதை நீ சொல்லவே இல்லையே."
"நீ கேட்கவே இல்லையே."
பிறகு நான் தூங்கப் போனேன், சோபாவுக்கு.
உள்ளே ஜிப் திறக்கிற சத்தம்,
மூடுகிற சத்தம்,
மறுபடி திறக்கிற சத்தம்.

காலையில் கீல் ரயில் நிலையத்தில்
காபி வாங்கப் போனார்.
அவர் பையைத் தூக்கிப் பார்த்தேன்.
மாவு பிசைந்த கைக்குத் தராசு வேண்டாம்.
பெரிய லென்ஸ் உள்ளேதான் இருக்கிறது, சந்தேகமே இல்லை.
இரண்டாவது கேமராவைக் காணோம்.
அது இருந்த பள்ளத்தில் விரலை விட்டேன்,
மெத்தென்று ஏதோ.
என் பழைய கம்பளித் தொப்பி.

முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பார்.
பாவம்,
அசோரஸிலிருந்து வந்த வாரமே
அதை நான் துவைத்துவிட்டேன்.
இரண்டு காபியோடு வந்துகொண்டிருக்கிறார்,
தளும்பாமல், அளந்து நடந்து.
ஜிப்பை இழுத்து மூடினேன்.
இதையும் அவர் கேட்டால்
சொல்கிறேன்.