நடுவில் அடித்தவன்

எழுபத்து நாலு. மழை விட்ட மறுநாள்.
மைதானத்தில் பாதி சேறு,
மீதி கால்வாய் நாற்றம்.
பெனால்டி.
துளசிங்கம் பந்தை வைத்தான்.
வைத்த பந்தை மறுபடி எடுத்து
சட்டையில் துடைத்து வைத்தான்,
யாரிடமோ இரவல் வாங்கிய சாமான் போல.

கோலில் நான்.
இரண்டு மூலையும் மனப்பாடம்.
அவன் கண் வலது மூலையைப் பார்த்தது,
பொய் சொல்லுது என்று இடது பக்கம் பாய்ந்தேன்.
பந்து நடுவில் போனது.
சும்மா நின்றிருந்தால் வயிற்றில் பட்டிருக்கும்,
அவ்வளவு மெதுவாக.
வாய் நிறையச் சேறோடு திரும்பிப் பார்த்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

அந்த ஒரு கோலுக்கு பேங்க் வேலை என்பார்கள்.
பொய். இன்னும் பதினோரு கோல் கேட்டார்கள்.
பகலில் கிளார்க், சாயங்காலம் லெஃப்ட் விங்.
பேன்ட்டுக்குள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டே
பேரேட்டில் கூட்டல் போடுவான் என்று
பேசின் பிரிட்ஜ் வரைக்கும் கதை.
மில் பூட்டிக் கிடந்த மாதங்களில்
எங்கள் தெருவில் ஒன்றாம் தேதி வந்தது
அவன் வீட்டுக்கு மட்டும்.

எழுபத்தொன்பதில் முட்டி போனது.
கட்டுப் போட்ட காலை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு
பரீட்சைக்குப் படித்தான்.
ஆட்டத்துக்காக எடுத்த ஆளை
ஆட்டம் போன பிறகும் வைத்திருப்பார்களா?
அந்தப் பயம்தான் அவனை ஆபீசர் ஆக்கியது.
கோவில்பட்டி, கடப்பா, எங்கெங்கோ மாற்றல்.
ஒருநாள் வியாசர்பாடிக் கிளைக்கே மேனேஜராக வந்தான்,
மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டு.

லோனுக்குப் போனேன்.
ரெண்டு மீன்பாடி வண்டி, ஒரு ஐஸ் பெட்டி.
ராத்திரி பூரா இரண்டு மூலையும் காத்தேன்:
'அடுத்த வாரம் வா' என்றால் ஒரு பதில்,
'ஜாமீன் யாரு' என்றால் மச்சான் ரெடி.
என் தாளைப் பிரித்தான். மடித்தான்.
மேசைக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து
அதன்மேல் வைத்தான்.

"பெலவேந்திரா, தர மாட்டேன்.
உன்னால கட்ட முடியாது."

நேராக. நடுவில்.
மச்சான் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

தண்டலுக்கு வாங்கினேன்.
வண்டி ஏழு மாதம் ஓடியது.
அப்புறமும் ஓடியது,
தண்டல்காரன் ஆள் ஓட்டினான்.
அவன் சொன்னது சரி என்று
இன்றுவரை நான் சொல்லவில்லை.
தப்பு செய்தவனை மன்னிக்கலாம்,
சரியாகச் சொன்னவனை எப்படி?

ரிட்டயர் ஆனபின்
ஜீவா ஸ்டேஷன் பக்கம் பையன்கள் ஆடுவதைப் பார்க்க வருகிறான்.
நானும்.
நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்காருவோம்.
நேற்று ஒரு பெனால்டி.
"எந்தப் பக்கம்?"
என்னைப் பார்க்காமலே கேட்டான்.
கோலியாகச் சின்னப் பையன்,
பெரிய கிளவுஸுக்குள் கை தொலைந்து நின்றான்.
எழுந்து நின்று கத்தினேன்:
"பாயாதடா! நில்லு!"

நின்றான்.
பந்து இடது மூலையில் போனது.

துளசிங்கம் முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.