நூற்று முப்பத்து நாலு பாகை

வேலையிடத்தில் எனக்குத் தெரியும்.
கத்தரி, இடுக்கி, எலும்பு அறுக்கும் வாள்
எல்லாவற்றையும் நீலத் தாளில் சுற்றி
நூற்று முப்பத்து நாலு பாகை நீராவிக்குள் தள்ளிக்
கதவைப் பூட்டுவேன்.
ஒட்டிய நாடாவில் வெளிறிய கோடுகள்
கறுத்து வந்தால் சரி.
கறுக்காவிட்டால் இன்னொரு முறை.
பதினொரு வருடம்
இதில் யோசித்ததே இல்லை.

அடிலெய்டுக்கு வடக்கே, சாலிஸ்பரியில்,
குழந்தைச் சாமான் கடையின் மூன்றாவது வரிசையில்
நாற்பது நிமிடமாக நிற்கிறேன்.
வெளியே நாற்பத்து மூன்று பாகை.
கார்கள் தாமாகவே அவிந்துகொண்டிருக்கின்றன.

மின்சாரத்தில் ஆவி கக்குவது ஒன்று.
மைக்ரோவேவுக்குள் வைப்பது இன்னொன்று;
ஆறு போத்தல் என்று எழுதியிருக்கிறது,
எங்கள் அகலப் போத்தல் நாலுக்கு மேல் போகாது.
ஊதா வெளிச்சப் பெட்டிக்குத் தண்ணீரே வேண்டாமாம்.
அந்த விலைக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கலாம்.
மாத்திரை கரைத்து ஊறவைக்கும் வாளி மலிவு,
ஆனால் மணம் எனக்குத் தெரியும்:
நகரசபை நீச்சல் குளம்.

'இது நல்லா விற்பனையாகுது' என்றாள் கடைப் பெண்.
எது நல்லாக் கிருமி கொல்லும் என்று
அவளிடம் கேட்க வாய் வரவில்லை.
வயது பதினெட்டு இருக்கும்.
நகத்தில் சின்னச் சின்ன எலுமிச்சம்பழம் வரைந்திருந்தாள்.

சுகிர்தா போன் எடுத்தாள்.
'என்னப்பா, கடையையே வாங்கப் போறியளோ?
பம்பின்ர புனல் இன்னும் கழுவேல்லை.
இவள் எழும்பப் போறாள்.'

நேற்றுவரை பானையில்தான் அவித்தோம்.
நேற்று அவள் கண்ணயர்ந்துவிட்டாள்,
தண்ணீர் வற்றி, இரண்டு சூப்பி கருகி,
புகைமணி அலறி,
பக்கத்து வீட்டு வியட்நாம்காரர்
தோட்டக் குழாயோடு ஓடிவந்தார்.

முப்பத்திரண்டாம் கிழமையில் பிறந்தவள்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
கைப்பட்டியில் பேர் இல்லை,
'சுகிர்தாவின் குழந்தை' என்று மட்டும்.
கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளையில் கை விடுமுன்
முழங்கை வரை கழுவச் சொன்னார்கள்.
கழுவினேன்.
திரும்பக் கழுவினேன்.
தாதி வந்து
என் கைக்கு மேலால் எட்டிக்
குழாயை மூடிவிட்டாள்.

மின்சாரப் பெட்டியையே எடுத்தேன்.
பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்தேன்.

மூன்றாம் நாளே அடித்தட்டில் வெள்ளைப் படலம்.
இந்த ஊர்த் தண்ணீருக்குள் எலும்பு இருக்கிறது.
வினாகிரி ஊற்றிக் கொதிக்க வைத்தேன்.
வீடு முழுக்க ஊறுகாய்க் கடை.
'பாலுக்கும் மணக்குமோ?' என்று
போத்தல் போத்தலாய் மோந்தாள் சுகிர்தா.

அதற்குப் பிறகு செய்ததை
வேலையில் யாருக்கும் சொல்லவில்லை.
விரல் நீளத்துக்கு நாடா கிழித்துச்
சட்டைப் பையில் கொண்டுவந்தேன்.
போத்தலில் ஒட்டினேன்.
எட்டு நிமிடம்.
கோடுகள் தேநீர் நிறத்தில் வந்தன.
இன்னொரு முறை.
கொஞ்சம் கடுந்தேநீர்.
இன்னொரு முறை.

இரவு இரண்டு மணி.
குசினி வாசலில் சுகிர்தா, தோளில் அவள்.
'அது நூறு பாகைதானே போகும்.
விடியும்வரை வைச்சாலும் கறுக்காது.
பிள்ளைக்கு நூறு காணும் என்று
தாதி உங்களுக்கும் சேர்த்துத்தானே சொன்னவ?'
சொல்லிவிட்டுப் பிள்ளையை என்னிடம் தந்து
கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

இப்போது ஐந்து கிலோ இருநூறு.
என் சட்டைக் கழுத்தை,
இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும்
பகல் முழுதின் வியர்வையும் ஏறிய கழுத்தை,
வாய் நிறையக் கவ்விச் சப்பத் தொடங்கினாள்.
இழுத்தேன், விடவில்லை.
எச்சில் தோள்வரை இறங்கியது.

பெட்டி மூன்று தரம் கூவி நின்றது.
நான் திறக்கவில்லை.
ஆறட்டும்.