பொருக்கு

ஏழாவது வாரம்
பிள்ளையின் உச்சியில் பொருக்கு கட்டியது.
மஞ்சளாய், கொஞ்சம் பிசுக்காய்,
பானை விளிம்பில் காய்ந்த கஞ்சி மாதிரி.

மாட்டை ஓட்டிக்கொண்டு போன வேம்பரசி அக்கா
கயிற்றை இழுத்து நிறுத்திக் கேட்டாள்:
"தலைக்கு ஒழுங்கா ஊத்துறியா இல்லையா?"
முத்துப்பேட்டை பஸ்ஸில் ஒருத்தி
தன் பிள்ளையை மறுபக்க மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

பதினோரு வருடமாக நான் கிராம செவிலியர்.
கடைமடையில் ஏழு ஊர்.
தொண்டியக்காடு வரைக்கும் என் ஸ்கூட்டியைத் தெரியும்.
எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன்:
இது அழுக்கு இல்லை. யாருக்கும் ஒட்டாது.
உன் உடம்பில் ஓடியது கொஞ்சம்
அதன் உடம்பில் மிச்சம் இருக்கிறது,
எண்ணெய்ச் சுரப்பிகள் அளவு தெரியாமல் சுரக்கின்றன.
சில வாரம், சில மாதம், தானாகப் போய்விடும்.
பிய்க்காதே.
பிய்க்காதே என்பதை மட்டும்
இரண்டு தடவை சொல்வேன்.

சொந்தப் பிள்ளை, சம்பளத்தோடு விடுப்பு,
கரண்ட் போன ஒரு ராத்திரி.
பால் குடித்துக்கொண்டிருந்தான்.
விரல் தலையைத் தடவியது,
ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது,
நகம் என்னைக் கேட்கவில்லை.

நாலு முடியோடு வந்தது.
செல்போன் வெளிச்சத்தில் அடியில் இளஞ்சிவப்பு,
அதன் நடுவில் கடுகளவு ரத்தம்.
அவன் அழவில்லை.
குடிப்பதை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தான்,
மறுபடி குடித்தான்.
அழுதிருக்கலாம்.

பாலகுரு ஆந்திராவில் அறுப்பு மெஷினோடு இருக்கிறார்.
அன்றைக்கும் போன் செய்தார்,
முதல் கேள்வி வாய்க்காலைப் பற்றி.
கல்லணை திறந்தாச்சு, இங்கே இன்னும் வரலை என்றேன்.
வயல் பொருக்கு விட்டிருக்கா?
விட்டிருக்கு, ஓடு ஓடாய் நிமிர்ந்து கிடக்கு.
"தண்ணி நின்னா எல்லாம் படிஞ்சிடும்" என்றார்.
பிள்ளை எப்படி என்று கேட்டார்.
நல்லா இருக்கான் என்றேன்,
கடுகளவைச் சொல்லவில்லை.

பொருக்கு, பொறுக்கு, பொறு.
எங்கள் பக்கம் வாயில் ரகரம் றகரம் பிரியாது,
மூன்றும் ஒரே சத்தம்தான்.

காயம் ஆறும்வரை இரண்டு நாள் தொடவில்லை.
மூன்றாம் நாள்
தேங்காயெண்ணெய், அரை ஸ்பூன்கூட இல்லை,
பொருக்கின் மேல் மட்டும்.
இருபது நிமிடம் மடியில் போட்டுக்கொண்டேன்.
அதற்கு மேல் விட்டால் எண்ணெயே பசையாகிவிடும்.
பிறகு ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய மெத்தென்ற பிரஷ்.
உச்சிக்குழி ஏறி இறங்கியது.
அதன் மேல் கை போகப் பயந்தது,
பயத்தோடேயே போனது. ஒன்றும் ஆகவில்லை.
குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு,
நுரை போக இரண்டு சொம்பு வெந்நீர், ஆறியது.
பிரஷில் தவிடுபோல் கொஞ்சம்.
கொஞ்சம்தான்.
மீதியை நாளை மறுநாளுக்கு விட்டேன்.

வேம்பரசி அக்கா பயத்தமாவு கொண்டுவந்து கொடுத்தாள்.
வாங்கி, டப்பாவில் போட்டு,
எனக்கு நானே தேய்த்துக் குளித்தேன்.

அடுத்த வருடம் வேலைக்குத் திரும்புவேன்.
சிவந்து நீர் வடிந்தால், நாற்றம் வந்தால்,
புருவத்துக்கும் கழுத்துக்கும் இறங்கினால்
என் வருகைக்குக் காத்திருக்காதே,
டாக்டரிடம் போ என்பேன். அது பழைய பாடம்.
பிய்க்காதே என்று
இரண்டு தடவை சொல்லமாட்டேன்.
பிய்க்கத் தோணும் என்று
ஒரு தடவை சொல்வேன்.

வாய்க்காலில் நேற்று ராத்திரி
தண்ணீருக்கு முன்னால் வரும் குப்பை வந்திருக்கிறது.
இடது காதுக்குப் பின்னால்
இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
இருக்கட்டும்.