பன்னிரண்டு மணிவரை

ஜூலை ஒன்று. காலை ஆறு.
கொடியை அரைக்கம்பத்தில் கட்டிவிட்டு
கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன்.
இந்தத் துறைக்குக் கோடை வர
இன்னும் மூன்று வாரம் ஆகும்.
போன வாரம்கூட ஒரு பனிப்பாறை
தேவாலயத்துக்கு எதிரே வந்து நின்று
யோசித்துவிட்டுப் போனது.

நியூஃபவுண்ட்லாந்தில் இன்றைக்கு
அரை நாள் துக்கம், அரை நாள் கொண்டாட்டம்.
மதியம்வரை மாண்டவர்களுக்கு.
பிறகு கனடாவுக்கு: பலூன், கேக்,
தீயணைப்பு வண்டியில் பிள்ளைகளுக்குச் சவாரி.
கயிறு இழுப்பது இரண்டு வேளையும் நான்தான்.
ஊர்மன்ற எழுத்தர் வேலையில் அதுவும் சேர்த்தி.

'நினைவஞ்சலி' என்று அழைப்பிதழில்
இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன்.
இத்தனை முறை தட்டினால் ஒரு சொல்
வெறும் எழுத்துகளாக உதிர்ந்துவிட வேண்டும்.
இது உதிர்வதாயில்லை.

பலசரக்குச் சீட்டின் ஓரத்தில்:
நினைவாக ஈஸ்ட் வாங்கி வா.
உயிலில்: என் நினைவாக ரொசன்னாவுக்குச்
சுவர்க்கடிகாரம், ஓடாவிட்டாலும்.
எழுத வேறொன்றும் இல்லாத கடிதத்தில்:
எல்லாரையும் நினைத்ததாகச் சொல்.
தாதியின் குறிப்பேட்டில்:
நினைவு தப்பியது, விடிகாலை நான்கு.
அதற்குக் கீழே, வேறு மையில்,
நினைவு திரும்பியது. தேநீர் கேட்டான்.

வெண்கலப் பலகையில் பதினொரு பெயர்கள்.
ஒன்பதாவது, எசேக்கியேல் டர்ன்ஃபோர்ட்.
அவன் சாகவில்லை.
கழுத்துத் தகடு தொலைந்து
இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில்
பெயரற்றுக் கிடந்து, பெயர் மெல்ல மேலே வந்து,
கரையோரக் கப்பலில் அவன் இறங்கியபோது
பலகைக்குத் திறப்பு விழா முடிந்து ஒரு வருஷம்.

இன்னொன்று வார்க்கப் பணமில்லை.
ஒரு வரியைச் செதுக்கி எடுத்தால்
நடுவில் வழுக்கை விழும் என்றார்கள்.
கூட்டக் குறிப்பு என் அலமாரியில் இருக்கிறது:
தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.
இன்னும் ஒத்திவைப்பில்தான்.

அவனை முதலில் நினைவுகூர்ந்தது
வின்சர் கடைப் பேரேடு.
இறந்தவன் பற்றென்று கோடு போட்டு அடித்திருந்தது:
மாவு இரண்டு பீப்பாய், வெல்லப்பாகு, வலைக்கயிறு.
நாற்பத்தோரு டாலர்.
அவன் படகிறங்கிய மறுநாள்
அடித்த கோட்டுக்கு மேலேயே
அதே தொகை, இன்னும் அழுத்தமாக.
வெண்கலம் போய்விட்டான் என்றது.
பேரேடு, இருக்கிறான், தரவேண்டும் என்றது.
ஆறு மீன்பருவம் உழைத்து
உயிரோடிருப்பதை அடைத்தான்.

நான் பார்த்திருக்கிறேன், பள்ளிப் பிள்ளையாக.
சட்டையில் 'மறவாதே' என்கிற சின்ன நீலப்பூ,
தபாலாபீஸ் சாக்கடையோரம்
யாரும் நடாமல் முளைக்கிறதே, அது.
போதகர் பெயர்களைப் படிப்பார்.
ஒவ்வொன்றுக்குப் பிறகும் கடல் மட்டும்.
ஒன்பதாவதுக்கு, மூன்றாம் வரிசையிலிருந்து,
வகுப்பில் சொல்வதுபோல,
"உள்ளேன்."
நாங்கள் சிரித்ததில்லை.
சிரிக்கக்கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை.

அறுபத்தொன்றில் நிஜமாகவே போனான்.
கல்லறைக்கல்லுக்குப் பெயர் கேட்டு வந்தவரிடம்
அவன் மனைவி ட்ரிஃபீனா சொன்னாள்:
"அதான் ஒருதடவை பொறித்தாயிற்றே.
ரெண்டாவதுக்கு நான் காசு தரமாட்டேன்."
அங்கே கல்லே இல்லை, புல்தான்.

போதகர்கள் ஐவர் மாறிவிட்டார்கள்.
பட்டியலைத் தட்டித் தருவது நான்.
ஒன்பதாவது பெயருக்குப் பக்கத்தில்
மட்டும் ஒரு சின்னக் கோடு போடுகிறேன்.
ஏனென்று கேட்காமலே
அங்கே நிறுத்துகிறார்கள்.
இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு நாய் குலைத்தது.
பரவாயில்லை.

பன்னிரண்டு அடிக்கிறது.
கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது.
பல்லால் இழுத்துப் பார்க்கிறேன்.
பாண்டுக்காரர்கள் வாயருகே பித்தளை வைத்துக்
காத்திருக்கிறார்கள். கேக்கின் மேல் தூறல்.
என்னம்மா, ஆயிற்றா என்கிறார் மேயர்.

ஒரு நிமிஷம் என்கிறேன்.