நாலாம் நிறுத்தத்துப் பனி

மூர்மன்ஸ்க் துறைமுகத்தில்
நிலக்கரி அள்ளுகிறவள் நான்.
கையால் அல்ல.
முப்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிப் பெட்டிக்குள்
உட்கார்ந்த இடத்திலிருந்து,
இரண்டு நெம்புகோல்களால்.
செடிகளோடு எனக்கு அதுவரை
கொடுக்கல் வாங்கல் இல்லை.

எதிர்வீட்டு சவேலி
பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரன்.
நவம்பரில் கிளம்பும்போது
மராந்தாத் தொட்டியை என் கையில் திணித்தான்.
கூடவே மாவுப் பொட்டலத்தில் கிழித்த காகிதம்:
‘ரிம்மாவுக்கு.
குழாய்த் தண்ணீர் ஆகாது, இலையோரம் கருகும்.
உருகிய பனி மட்டும், அதுவும் அறைச் சூட்டுக்கு வந்தபின்.
ஹீட்டர் மேல் வைக்காதே.
பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, பன்னிரண்டு இருட்டு.
இரவில் இலைகளைக் கூப்பும்.
பயப்படாதே.’

பயப்படாதே என்று எழுதியிராவிட்டால்
பயந்திருக்க மாட்டேன்.

பெருமரங்களின் காலடியில்
நேர்வெயில் படாமல் வளர்கிற சாதியாம்.
அந்தக் கவலை இங்கே வேண்டாம்.
டிசம்பர் தொடக்கத்தில் போகிற சூரியன்
ஜனவரி பத்துக்கு மேல்தான்
மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்,
கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி.

முதல் வாளிப் பனியை
வீட்டு முற்றத்திலேயே அள்ளினேன்.
உருகியதும்
பாத்திரத்தின் அடியில் காப்பி மண்டி போல் ஏதோ.
விரலால் தொட்டேன்.
தெரிந்த கறுப்பு.
என் கறுப்பு.
பகலெல்லாம் நான் அள்ளிக் கொட்டியது
காற்றேறி
எனக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

வாளியோடு பேருந்து ஏறினேன்.
“மீன் பிடிக்கவா?” என்றாள் நடத்துனர் கிளாவ்தியா.
“பனி எடுக்க.”
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
கண்ணுக்கெட்டிய மட்டும் பனி.
என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்தாள்.

முதல் நிறுத்தத்தில் சாம்பல் நிறம்.
இரண்டாவதில் சாம்பல், மேலே நாய்த்தடம்.
மூன்றாவதில் பள்ளிக்கூடம்,
பிள்ளைகள் மிதித்த கூழ்.
நாலாவதில் ஊர் தீர்ந்து
கூனல் பிர்ச் மரங்கள் தொடங்குகின்றன.
அங்கே அள்ளியது
உருகியும் தண்ணீராகவே இருந்தது.

ஞாயிறுதோறும் நானும் வாளியும்.
ஊற்றுமுன் முழங்கையை முக்கிப் பார்ப்பேன்,
பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் போல.
எனக்குப் பிள்ளை இல்லை;
எங்கே கற்றேனோ.
ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பேன்,
உள்ளங்கையை அடியில் ஏந்தி.
பச்சையில் சிவப்பு நரம்புகள்,
கழுவி வைத்த மீன்முள் மாதிரி ஒழுங்காய்.
துணியில் மட்டும் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் துறைமுகம்.

பிறகு அந்தப் புயல்.
மாற்றாள் வரவில்லை,
கப்பல் காத்திருக்கவில்லை.
இரண்டு இரவு துறைமுகத்திலேயே கிடந்தேன்.
திரும்பி வந்து கதவைத் திறந்தால்
விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.
அணைக்க மறந்திருக்கிறேன்.

இலைகள் அத்தனையும் விரிந்தபடி,
இமை மூட விடாமல்
யாரையோ உட்கார்த்தி வைத்தது போல.
சுருள் பிரியாத புது இலையின் நுனியில்
பழுப்பு.

அணைத்தேன்.
கோட்டைக் கழற்றாமல்
சமையலறை முக்காலியில் உட்கார்ந்தேன்.
காலையா மாலையா,
டிசம்பரில் எங்கள் ஜன்னல் சொல்லாது.
எவ்வளவு நேரமோ.
காகிதம் உரசுகிற சத்தம்.
எலி என்று நினைத்தேன்.
தெருவிளக்கின் மிச்ச வெளிச்சத்தில்
ஓர் இலை எழுந்தது.
அப்புறம் இன்னொன்று, தயங்கி.

கூப்பும் என்று சவேலி எழுதியது சரிதான்.
ஆனால் கும்பிடுவதாக எனக்குப் படவில்லை.
வேலை முடிந்ததும்
கிரேனின் கையைத் தூக்கி மடக்கி
பூட்டிவிட்டு இறங்குவோம்.
அதுதான் இது.
நானும் போய்ப் படுத்தேன்,
பூட்ஸோடு.

வாரம் ஒருமுறை கப்பலுக்கு சிக்னல் கிடைக்கும்.
சவேலி சொற்களை எண்ணிச் செலவழிக்கிறவன்.
‘இலை?’ என்று வந்தது.
‘பதினொன்று. ஒன்றில் நுனி போயிற்று, என் தப்பு’
என்று அனுப்பினேன்.
‘தண்ணீர்?’
‘நாலாம் நிறுத்தம்.’

அவனுக்குப் புரியாது.
வரட்டும்,
வாளியைக் கையில் கொடுத்துக்
கூட்டிப் போகிறேன்.